தொழுகையும் தொண்டும்

பொதிய மலையிற் பிறந்து, பாபநாசத்தில் அருவியாய் இழிந்து, அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் ஆகிய ஊர்களை வளப்படுத்தி, புன்னைக்காயல் அருகே கடலொடு கலப்பது தாமிரபரணி ஆறு. பொருநை என்பது அதன் பழம்பெயர். அவ்வாற்றின் கரையெங்கும் சிவன் கோயில்களும் திருமால் திருப்பதிகளும் விளங்குகின்றன. பாளையங்கோட்டையில் கிறித்தவப் பெருமக்கள் நிறுவிய கல்விக்கூடங்கள் பல உள்ளன. பேட்டை, மேலப்பாளையம், பத்தமடை முதலிய ஊர்களில் பள்ளிவாசல்கள் திகழ்கின்றன. ஆறு கடலை அடையும் இடத்திற்குத் தெற்கே, கரையோரத்தில் அமைந்துள்ளது காயற்பட்டினம். 1986 வரை இப்பகுதி முழுவதும் திருநெல்வேலி மாவட்டமாகவே இருந்தது. இப்பொழுது காயற்பட்டினம் தூத்துக்குடி மாவட்டத்தைச் சார்ந்துள்ளது.

பொருநையின் கழிமுகம் முத்துக்கும் குதிரை வாணிகத்திற்கும் பெயர் பெற்றது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்த மார்க்கோ போலோ, காயல் என்னும் துறைமுகத்தின் வளத்தை வியந்து எழுதியுள்ளார். அரபு நாட்டுக் கலங்கள் அத்துறையில் வந்து தங்கின. அவ்வாறு கடல்வழி வந்த இஸ்லாமிய நெறி, பொருநை நாட்டில் வேரூன்றித் தமிழ் மண்ணின் நெறிகளுள் ஒன்றாயிற்று. அந்நெறியிற் சிறந்தோர் தம் உள்ளத்தைப் பண்படுத்திய வகையினையும், அப்பண்பாடு ஊருக்குப் பயன்பட்ட வகையினையும் இப்பாடத்திற் காண்போம்.

இஸ்லாமிய நெறியின் கடமைகள் ஐந்து. இறைவன் ஒருவனே என்றும் முகம்மது நபி அவன் தூதர் என்றும் உறுதி கூறல், நாளும் ஐவேளை தொழுதல், இரமலான் திங்களில் நோன்பு நோற்றல், ஸகாத்து என்னும் ஏழைவரியை வழங்கல், வசதியுடையோர் வாழ்நாளில் ஒருமுறை மக்காவுக்குச் செல்லல் என்பன அவை. இவற்றுள் தொழுகை, இறைவனுக்கும் அடியவனுக்கும் இடையே நிகழ்வது. ஆயினும், அது முடியும் வகையினை உற்றுநோக்குக. தொழுது முடித்தவர் வலப்புறம் திரும்பி, ‘உங்கள்மீது அமைதி உண்டாகுக’ என வாழ்த்துகிறார். இடப்புறம் திரும்பியும் அவ்வாறே வாழ்த்துகிறார். இறைவனை நோக்கித் தொடங்கிய வழிபாடு, பக்கத்தில் இருப்பவரை நோக்கி நிறைவெய்துகிறது. தொழுகைக்கும் தொண்டிற்கும் உள்ள தொடர்பு இவ்வொரு செயலிலேயே விளங்குகின்றதன்றோ?

ஸகாத்தும் அத்தகையதே. ஒருவரிடம் குறித்த அளவுக்கு மேற்பட்ட பொருள் ஓராண்டுக் காலம் தங்கியிருக்குமாயின், அதில் நாற்பதில் ஒரு பங்கை வறியோர், கடன்பட்டோர், வழிப்போக்கர் முதலிய உரியவர்களுக்கு அளித்தல் வேண்டும். அது கொடுப்பவரின் பெருந்தன்மையன்று, பெறுபவரின் உரிமையாகும். ஸகாத்து என்னும் சொல்லுக்குத் தூய்மை என்றும் வளர்ச்சி என்றும் பொருள் கூறுவர். பிறர்க்குரிய பங்கினைப் பிரித்துக் கொடுத்தால்தான் எஞ்சிய பொருள் தூய்மை அடையும் என்பது கருத்து.

இந்நெறியின் அறிஞர்கள் கடமைகளை இருவகையாகப் பகுப்பர். ஒவ்வொருவரும் தாமே செய்து தீரவேண்டியது ‘பர்லு ஐன்’. இதனைத் தனிக்கடமை எனலாம். தொழுகையும் நோன்பும் இவ்வகையின. ஒருவருக்காக மற்றொருவர் தொழுதல் இயலாது. ஊரார் அனைவர்க்கும் பொதுவாகிய கடமை ‘பர்லு கிபாயா’. இதனைப் பொதுக்கடமை எனலாம். ஓர் ஊரில் ஒருவர் இறந்தால், அவர்க்காகத் தொழுது உடலை நல்லடக்கம் செய்தல் பொதுக்கடமை. சிலர் அதனைச் செய்துவிட்டால் ஊரார் அனைவரும் பொறுப்பினின்று நீங்குவர். ஒருவருமே செய்யாவிடின் ஊரார் அனைவரையும் குற்றம் சாரும். 11-ஆம் நூற்றாண்டிற் பிறந்த பேரறிஞர் இமாம் கசாலி, மருத்துவத்தையும் கணக்கினையும் இப்பொதுக்கடமையுட் சேர்த்தார். நோயுற்றார்க்கு மருந்து கொடுக்க ஒருவரும் இல்லாத ஊர், தன் கடமையில் தவறிய ஊராகும் என்பது இதனாற் போதரும்.

‘யாரேனும் செய்வார்’ என்று எல்லோரும் இருந்துவிடுவது உலகியற்கை. ‘யாரும் செய்யாவிடின் அக்குற்றம் எனக்கும் உரியது’ என்று ஒவ்வொருவரையும் எண்ணச் செய்வது பொதுக்கடமை என்னும் கொள்கை. ஒரு கை சோர்ந்தவிடத்து மற்றொரு கை அப்பணியை ஏற்றல் வேண்டும். இதுவே அக்கொள்கையின் உயிர்நிலை.

தனிக்கடமையால் உள்ளம் பண்படுகிறது. பண்பட்ட உள்ளம் பொதுக்கடமைக்கு உதவுகிறது. இதற்குப் பொருநைக் கரையிலேயே ஓர் உவமை உண்டு. பத்தமடைப் பாயினை அறியாதார் இலர். அதனை நெய்வோர் அவ்வூர் இஸ்லாமியப் பெருமக்கள். ஆற்றங்கரையில் விளையும் கோரையை அறுத்து, வெயிலில் உலர்த்தி, ஓடும் நீரில் பல நாள் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, மெல்லிய இழைகளாகப் பிளந்து, சாயம் தோய்த்து, அதன் பின்னரே தறியில் ஏற்றுவர். ஊறாத கோரை நெய்யும்பொழுது முறியும். ஊறிய கோரையும் நெய்யப்படாவிடின் எவர்க்கும் பயன்படாது. வழிபாட்டில் ஊறாத உள்ளம் தொண்டின் நடுவே சினத்தாலும் செருக்காலும் முறிந்துபோகும். தொண்டிற்கு வாராத வழிபாடு நெய்யப்படாத கோரையை ஒக்கும். அப்பாய் பள்ளிவாசலில் தொழுவார்க்கும் விரிக்கப்படுகிறது. இந்துக்களின் திருமணத்தில் மணமக்கள் பெயர் பொறிக்கப்பெற்றும் விளங்குகிறது. நெய்தவர் நெறி ஒன்றாயினும் பயன் எல்லோர்க்கும் பொதுவாயிற்று.

பொருநை நாடு தந்த இஸ்லாமியப் பேரறிஞருள் தலைசிறந்தவர் சதக்கத்துல்லா அப்பா. அவர் 17-ஆம் நூற்றாண்டிற் காயற்பட்டினத்தில் தோன்றினார். அவர்தம் தந்தையார் சுலைமான் என்னும் இறைநேசர். இளமையிலேயே மறையும் மார்க்க நூல்களும் கற்று, அரபு மொழியில் நபிகள் நாயகத்தைப் போற்றும் பாக்களை இயற்றும் புலமையும் பெற்றார் அப்பா. பின்னர்ச் சேதுநாட்டுக் கீழக்கரையில் தங்கி, தம்மை நாடி வந்த மாணவர்க்குக் கல்வி புகட்டி வாழ்ந்தார். அவர்தம் அடக்கவிடமும் கீழக்கரையிலேயே உள்ளது.

அக்காலத்தில் எட்டையபுரம் அரண்மனையிற் புலவராய் விளங்கியவர் உமறுப்புலவர். இந்து சமயத்தவராகிய கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றுத் தேர்ந்தவர் அவர். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையைத் தமிழிற் காப்பியமாகப் பாடவேண்டும் என்ற வேட்கை அவருக்கு உண்டாயிற்று. கீழக்கரை வள்ளல் சீதக்காதி அம்முயற்சிக்குத் துணைநின்றார். ஆனால், நாயகத்தின் வரலாறோ அரபு, பாரசீக நூல்களில் இருந்தது. அந்நூல்களின் பொருளை விளக்கியுரைக்க வல்லவர் சதக்கத்துல்லா அப்பா. ஆகவே, உமறுப்புலவர் அவரை நாடிச் சென்றார்.

அங்கு நிகழ்ந்ததாக வழிவழியாகக் கூறப்படும் செய்தி ஒன்று உண்டு. அரசவைப் புலவர்க்குரிய கோலத்தில் உமறுப்புலவர் வந்து நின்றார். அக்கோலத்தைக் கண்ட அப்பா, ‘மார்க்க ஒழுக்கம் இவரிடம் இல்லைபோலும், இவர் நாயகத்தின் வரலாற்றைப் பாடுதல் பொருந்தாது’ எனக் கருதி, உரை வழங்க மறுத்துவிட்டார். உமறுப்புலவர் மனம் நொந்து, பள்ளிவாசலை அடைந்து, தம் குறையை இறைவனிடம் முறையிட்டு அழுது துயின்றார். அன்றிரவு நாயகம் அப்பாவின் கனவில் தோன்றி, உமறுக்கு உதவுமாறு பணித்தார் என்பர். விழித்தெழுந்த அப்பா தம் பிழையை உணர்ந்தார்; புலவரை வரவேற்று, வேண்டிய செய்திகளைப் பெறுவதற்கு வழிசெய்தார்; பரங்கிப்பேட்டையில் இருந்த அறிஞர் ஒருவரிடம் மேலும் உரை கேட்குமாறு அனுப்பினார்.

இக்கதையைப் பலரும் உமறுப்புலவரின் பெருமையைக் காட்டுவதற்கே கூறுவர். அப்பாவின் பெருமையும் இதன்கண் அடங்கியுள்ளது. அவர் கல்வியிற் குறையாதவர், வழிபாட்டிலும் குறையாதவர். எனினும், வாயிலில் வந்து நின்ற ஒருவரின் உடையைக் கண்டு உள்ளத்தை மதிப்பிட்டுவிட்டார். கற்றவர்க்கும் தவத்தோர்க்கும் நேரக்கூடிய பிழை இது. பிழை நேர்ந்த பின்னர், தம் மதிப்புக்கு இழுக்கென்று எண்ணாமல், தாம் திருப்பி அனுப்பியவரைத் தாமே வரவேற்றாரே, அங்கேதான் அவர்தம் ஆன்மிகப் பயிற்சி வெளிப்பட்டது. ‘நான் தவறினேன்’ என உணர்ந்து உடனே திருந்தும் ஆற்றலே உள்ளப் பண்பாட்டின் முதிர்ச்சியாகும். அப்பா அன்று அக்கதவைத் திறவாதிருந்தால், தமிழ் ஒரு பெருங்காப்பியத்தை இழந்திருக்கும்.

உமறுப்புலவர் பாடிய அக்காப்பியமே சீறாப்புராணம். அது மூன்று காண்டங்களும், 92 படலங்களும், 5027 செய்யுட்களும் உடையது. அந்நூல் நம் கைக்கு வந்த வரலாறு பொதுக்கடமைக்கு ஒரு சான்று. நூல் நிறைவுறுவதற்கு முன்னரே வள்ளல் சீதக்காதி மறைந்தார். இறந்த பின்னும் ஈந்தவர் எனத் தமிழகம் போற்றும் அவ்வள்ளலை இழந்த புலவர் தளர்ந்தார். அப்பொழுது பரங்கிப்பேட்டையைச் சேர்ந்த அபுல் காசிம் மரைக்காயர் முன்வந்து ஆதரித்தார். காப்பியமோ நாயகத்தின் வாழ்க்கை முழுவதையும் கூறுவதற்கு முன்னரே நின்றுவிட்டது. எஞ்சிய வரலாற்றைக் காயற்பட்டினத்துப் பனீ அகமது மரைக்காயர் ‘சின்னச் சீறா’ எனப் பாடினார். பின்னர் நெடுங்காலம் ஏட்டுச்சுவடியாகவே இருந்த சீறாப்புராணத்தை, காயற்பட்டினத்துப் புலவராகிய செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் ஆராய்ந்து 1842-ல் அச்சேற்றினார். ஒருவர் உரைத்தார், ஒருவர் பாடினார், ஒருவர் பொருள் ஈந்தார், அவர் மறைந்தபோது மற்றொருவர் ஈந்தார், ஒருவர் குறையை நிரப்பினார், ஒருவர் பதிப்பித்தார். ‘இது என் வேலையன்று’ என அவருள் ஒருவரேனும் ஒதுங்கியிருப்பின், அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்திருக்கும்.

கற்றவர் கல்வியைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் எளியவர்க்கும் சேர்ப்பித்தல் வேண்டும் என்ற எண்ணம் இப்பகுதியில் தொடர்ந்து வளர்ந்தது. தமிழ்மொழியை அரபு எழுத்தில் எழுதும் ‘அரபுத்தமிழ்’ அதற்குக் கருவியாயிற்று. மறை ஓதுவதற்காக அரபு எழுத்தைக் கற்றிருந்தவர்கள், அவ்வெழுத்தின் வாயிலாகவே தம் தாய்மொழியில் மார்க்க நூல்களைப் பயின்றனர். 1816 முதல் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அம்முறையில் நூல்கள் எழுதிப் பரப்பினார். காயற்பட்டினத்தில் பெண்கள் கூடி ஓதுவதற்கும் கற்பதற்கும் ‘தைக்கா’ என்னும் தனியிடங்கள் உண்டு. பேரறிஞர் நூலும் வீட்டு முற்றமும் இவ்வாறு இணைந்தன.

இனி, காயலினின்று ஆற்றுவழியே மேற்கு நோக்கித் திருநெல்வேலிக்கு வருவோம். நகரை அடுத்த பேட்டையில் 1896-ஆம் ஆண்டு சூன் திங்கள் 5-ஆம் நாள் முகம்மது இஸ்மாயில் பிறந்தார். தந்தையார் அவர்தம் இளமையிலேயே மறைந்தார். அன்னையாரே அரபு மொழியும் மறையும் கற்பித்து வளர்த்தார். பின்னர், திருநெல்வேலியில் கிறித்தவர் நடத்திய பள்ளியிலும் இந்துக் கல்லூரியிலும் பயின்று, திருச்சிராப்பள்ளியிலும் சென்னையிலும் கல்வியைத் தொடர்ந்தார். மூன்று சமயத்தாரின் அரவணைப்பும் அவர் கல்வியிற் கலந்திருந்தது.

இஸ்மாயில் 13 அகவைச் சிறுவராய் இருந்தபொழுதே, 1909-ல், பேட்டையில் இளைஞர்க்கென ஒரு முஸ்லிம் சங்கத்தைத் தோற்றுவித்தார். பெரியோர் செய்யட்டும் எனச் சிறுவர் ஒதுங்கும் அகவையில், பொதுக்கடமை தம்மையும் சாரும் என அவர் உணர்ந்தார். 1918-ல் மார்க்க அறிஞர்களின் அவையொன்று அமைவதற்குத் துணைபுரிந்தார். 1920-ல் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, பட்டத் தேர்வு அண்மையில் இருந்தும், கல்லூரியைத் துறந்து வெளியேறினார். தாம் பெறவிருந்த பட்டத்தினும் நாடு பெறவேண்டிய விடுதலையே அவருக்குப் பெரிதாயிற்று.

பிற்காலத்தில் அவர் இந்திய அரசியல் நிருணய சபையில் உறுப்பினரானார். நாட்டின் ஆட்சிமொழி எது என்னும் வாதம் 1949 செப்டம்பரில் அங்கு நிகழ்ந்தது. அப்பொழுது, இந்நாட்டின் தொன்மையான மொழி தமிழே என்றும், அத்தகுதி அதற்கு உண்டு என்றும் அவர் எடுத்துரைத்தார். மாநிலங்களவையிலும், 1962 முதல் 1972-ல் மறையும் வரை மக்களவையிலும் உறுப்பினராய் இருந்தார். இஸ்லாமிய மக்கள் கல்வியிற் பின்தங்குதல் ஆகாது என்று கருதி, கல்லூரிகள் எழுவதற்கு ஊக்கம் அளித்தார். ‘காயிதே மில்லத்து’ என மக்கள் அவரை அழைத்தனர். சமுதாயத்தின் வழிகாட்டி என்பது அதன் பொருள். உயர்ந்த பதவிகளை வகித்தபோதும் எளிய வாழ்க்கையை அவர் கைவிடவில்லை.

அவர்தம் வாழ்நாளிலேயே, 1971-ல், பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி தோன்றியது. அதற்குச் சதக்கத்துல்லா அப்பா கல்லூரி எனப் பெயரிட்டனர். வாயிலில் நின்ற புலவர்க்கு முதலில் மறுத்து, பின்னர் மனமுவந்து கற்பித்த பேரறிஞரின் பெயரால், இன்று பல சமயத்து மாணவர்களுக்கும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. இதனினும் பொருத்தமான நினைவுச்சின்னம் வேறு யாது?

இவையெல்லாம் பெரியோர் செயல்கள். எளியோர் என்ன செய்ய இயலும் என ஐயுறுவார் உளராயின், அண்மையில் நிகழ்ந்த ஒன்றனைக் கேட்பாராக. 2023 திசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் பொருநை நாட்டில் பெருமழை பெய்தது. காயற்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செண்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆறு கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன, சாலைகளும் இருப்புப்பாதையும் அரிக்கப்பட்டன. செய்துங்கநல்லூரில் வெள்ளத்தால் வீட்டில் இருக்கவியலாத இந்துக் குடும்பங்கள் பல, அவ்வூர்ப் பள்ளிவாசலில் அடைக்கலம் புகுந்தன. பள்ளியைச் சார்ந்தோர் அவர்களை நாட்கணக்கில் அங்கே தங்கவைத்து, உணவும் உடையும் உதவினர். திருவைகுண்டத்தருகே தொடர்வண்டியில் சிக்குண்ட பயணிகளுக்கு, அண்டையிலிருந்த புதுக்குடி மக்கள் தம் கோயிலில் சமைத்து உணவளித்தனர். தொழுகைக்குரிய பாய் துயில்வார்க்குப் பாயாயிற்று. கோயில் மடைப்பள்ளி வழிப்போக்கர்க்கு அன்னசாலையாயிற்று. அங்கு உதவியோர் பெயர் எந்த ஏட்டிலும் இடம்பெறாது போகலாம். ஆயினும், ஊரின் பொதுக்கடமை அன்று நிறைவேறிற்று.

பெயரை வேண்டாமையும் இந்நெறியின் ஒரு கூறேயாகும். பிறர் காணவேண்டும் என்று செய்யும் வழிபாட்டையும் ஈகையையும் இஸ்லாமிய அறிஞர்கள் மறைவான இணைவைப்பு எனக் கடிந்துரைப்பர். இறைவனுக்குச் செலுத்த வேண்டியதைப் புகழுக்குச் செலுத்திவிடுவது அது. வலக்கை ஈவதை இடக்கை அறியாதிருத்தல் சிறப்பு என்பர். ஒருவர் மறைந்த பின்னும் தொடர்ந்து பயன்தரும் அறமும், பிறர்க்குப் பயன்படும் கல்வியும் அவர்க்கு நன்மை சேர்த்துக்கொண்டே இருக்கும் என்பது நாயகத்தின் போதனை. ஆகலின், தொண்டு செய்தார் கைம்மாறு கருதிக் காத்திருத்தல் வேண்டா.

மாணவர்களே! உங்கள் சமயம் எதுவாயினும், அது உங்களுக்கு இரண்டு கடமைகளை விதிக்கின்றது. ஒன்று, நீங்கள் தனித்திருந்து உங்கள் உள்ளத்தைத் தூய்மை செய்துகொள்வது. மற்றொன்று, உங்கள் தெருவிலும் ஊரிலும் ஒருவரும் செய்யாமல் கிடக்கும் நற்பணியை உங்கள் பணியாக ஏற்பது. தெருமுனையில் மூடாமற் கிடக்கும் குழி, வகுப்பிற் பாடம் விளங்காமல் தலைகுனிந்திருக்கும் தோழன், துணையின்றி நோயுற்றிருக்கும் அண்டை வீட்டு முதியவர் ஆகிய இவையெல்லாம் யாருடைய பொறுப்பு என்று வினவாதீர்கள். ஒருவரும் செய்யாவிடின் அவை உங்கள் பொறுப்பே. உங்கள் வாயிலில் வந்து நிற்பவரின் உடையைக் காணுமுன் அவர்தம் உள்ளத்தைக் காண முயலுங்கள். தவறிழைத்துவிட்டால், சதக்கத்துல்லா அப்பாவைப் போல, விடிந்தவுடன் கதவைத் திறந்து அவரை வரவேற்றுக்கொள்ளுங்கள்.